ப்ளூகிராப் ஏன் பூக்கவில்லை? உங்கள் குளிர்காலத்துக்கு ஏற்ற ப்ளூபெர்ரி ரகம்

கேள்வி சுருக்கமாக இது: "நான்கு வருடத்துக்கு முன் ப்ளூகிராப் என்ற ரகத்தில் இரண்டு ப்ளூபெர்ரிச் செடி வைத்தேன். மண்ணின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது. பூ மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறது, அதுவும் ஒன்று இன்று, ஒன்று அடுத்த மாதம் என்று. குளிர்காலத்தில் இரவு 5, 6 டிகிரி வரை இறங்கும். பகலில் 18, 20 வரை ஏறும். உறைபனி வருடத்துக்கு ஓரிரு இரவுதான். ஒரு நண்பர் டியூக் வை என்கிறார், இன்னொருவர் பிலாக்ஸி வை என்கிறார். எதை வைப்பது?"

உங்கள் செடிக்கு நோய் ஒன்றுமில்லை. உரக் குறையும் இல்லை; இலை அப்படிப் பசுமையாக இருப்பதே அதற்குச் சாட்சி. அதற்குப் போதாதது குளிர்காலத் தூக்கம். இன்னும் நான்கு வருடம் உரம் போட்டுக் காத்திருந்தாலும் இதேதான் நடக்கும். டியூக்கா பிலாக்ஸியா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் புரிந்துவிட்டால் அடுத்த செடியை யாரிடமும் கேட்காமல் நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ப்ளூபெர்ரி அடுத்த வருடத்துப் பூமொட்டைக் கோடை முடியும்போதே, பகல் குறுகத் தொடங்கியதும், கிளை நுனிகளில் கட்டிவிடும். பிறகு இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். அந்த உறக்கம் கலைய வேண்டுமானால் ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி வரையான குளிரில் குறிப்பிட்ட அளவு நேரம் இருந்திருக்க வேண்டும். இதைக் குளிர்நேரம் என்று வைத்துக்கொள்வோம். ப்ளூகிராப்புக்கு இது சுமார் 800 மணி நேரம். கணக்கு நிறைந்தால் வெயில் ஏறியதும் எல்லா மொட்டும் ஒன்றாக விரியும். நிறையாவிட்டால் சில மொட்டு விரியும், சில அப்படியே காய்ந்து உதிரும், இலையும் தாமதமாக வரும்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியவர் ஃபிரெடெரிக் கோவ்வில் என்ற அமெரிக்க வேளாண் துறைத் தாவரவியலாளர். செடியைக் குளிர்காலம் முழுக்கச் சூடான கண்ணாடிக் கூடத்தில் வைத்துக் காத்தால் வசந்தத்தில் அது முந்திக்கொண்டு துளிர்க்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. வெளிக்குளிரில் கிடந்த செடி துளிர்த்தது, உள்ளே சுகமாக இருந்தது தூங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு செடியை உள்ளே வைத்து, ஒரே ஒரு கிளையை மட்டும் துளை வழியாக வெளியே நீட்டிவிட்டார். வசந்தம் வந்ததும் வெளியே நீட்டிய கிளை மட்டும் துளிர்விட்டது. அதே வேர், அதே தண்டு. உள்ளே இருந்த கிளைகள் அசையவே இல்லை. 1920-இல் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். குளிர் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியே அனுபவிக்க வேண்டிய ஒன்று என்பது இதில் தெரிகிறது. உங்கள் செடியில் பூ சிதறிச் சிதறி வருவதும் இதனால்தான். சில மொட்டுகள் எப்படியோ கணக்கை நிறைத்துவிடுகின்றன, மற்றவை இன்னும் தூக்கத்தில் இருக்கின்றன.

இங்கே பலரும் குழம்பும் ஒரு இடம் உண்டு, அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு ரகத்துக்கு எவ்வளவு குளிர் தேவை என்பது ஒன்று. எவ்வளவு குளிரை அது தாங்கும் என்பது வேறு. முதலாவது மணிக்கணக்கு, இரண்டாவது உங்கள் இடத்தில் வெப்பநிலை எவ்வளவு அடிமட்டத்துக்கு இறங்கும் என்ற கணக்கு. செடியோடு வரும் அட்டையில் பெரும்பாலும் இரண்டாவது மட்டும்தான் இருக்கும். "பூஜ்யத்துக்குக் கீழே 29 டிகிரி வரை தாங்கும்" என்று படித்துவிட்டு, அப்படியானால் என் லேசான குளிரில் இன்னும் நன்றாக வளரும் என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். வளரத்தான் செய்யும். காய்க்காது.

இதன் மறுபக்கமும் அதே அளவு கொடியது. கடுங்குளிர் உள்ள இடத்தில் தோட்டம் வைத்திருந்த காலத்தில், பழத்தின் சுவைக்காக மிஸ்டி என்ற ரகத்தை வைத்தேன். அதற்குக் குளிர்நேரம் 300-க்குள் போதும். முன்பனிக் காலத்திலேயே அதன் கணக்கு நிறைந்துவிட்டது. நடுக்குளிர்காலத்தில் ஒரு வாரம் வெயில் அடித்தது, மொட்டுகள் வீங்கின. அடுத்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே 12. வெளியிலிருந்து பார்த்தால் மொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளேடால் ஒரு மொட்டைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தேன். வெளிச்செதில் பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே கொத்தாக அடங்கியிருந்த கடுகளவுப் பூக்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் பழுப்புப் புள்ளி. நறுக்கிய எல்லா மொட்டிலும் அதேதான். அந்த வருடம் ஒரு பழம்கூட இல்லை. பக்கத்திலேயே நின்ற ப்ளூகிராப் அந்த வெயிலைக் கண்டு ஏமாறவில்லை. அதன் மணிக்கணக்கு இன்னும் முடியாததால் உறங்கிக்கொண்டே இருந்து தப்பியது. அதிகக் குளிர் கேட்கும் குணம்தான் குளிர்நாட்டில் அதற்குக் கவசம்.

இனி ரகங்களின் குடும்பங்களுக்கு வருவோம். ஒரு ரகம் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் அதன் குளிர்க்கணக்கைப் பாதி ஊகித்துவிடலாம். வடக்கு ஹைபுஷ் என்ற குடும்பம் அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளிலிருந்து வந்தது. நியூஜெர்சியில் ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில் குருதிநெல்லி (கிரான்பெர்ரி) தோட்டம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் எலிசபெத் ஒயிட். கோவ்வில் 1910-இல் எழுதிய வெளியீட்டைப் படித்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். காட்டில் பழம் பறிப்பவர்களிடம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு துளையிட்ட அளவுகோலைக் கொடுத்து, அந்தத் துளையில் விழாத அளவு பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம் தருவதாகச் சொன்னார். அப்படி வந்த புதர்களுக்குக் கண்டுபிடித்தவர் பெயரையே வைத்தார். ரூபல் என்ற ரகம் அப்படி வந்ததுதான், இன்றும் பயிரிடுகிறார்கள். 1916-இல் முதல் விற்பனை. ப்ளூகிராப் (1952), டியூக் (1987) உட்பட இந்தக் குடும்பத்து ரகங்கள் அந்தக் காட்டுப் புதர்களின் குளிர்காலத்தை உடம்பில் சுமந்து வந்தவை. 800 முதல் 1000 மணி நேரம், சிலவற்றுக்கு இன்னும் அதிகம்.

தெற்கு ஹைபுஷ் ஃப்ளோரிடாவில் உருவானது. அங்கே குளிர்காலத்திலும் இலையை வைத்துக்கொள்ளும் குட்டையான காட்டு ப்ளூபெர்ரி ஒன்று உண்டு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் அதை வடக்கு ஹைபுஷ்ஷோடு சேர்த்துக் கலப்பினம் செய்தார். பழத்தின் அளவும் சுவையும் ஒரு பக்கத்திலிருந்தும், குளிர் அதிகம் கேட்காத குணம் மறுபக்கத்திலிருந்தும் வந்தன. 1976-இல் வெளிவந்த ஷார்ப்ப்ளூ அவர் பெயரைத் தாங்கியது. பிறகு மிஸ்டி, ஜூவல், எமரால்டு எல்லாம் அதே வழியில் வந்தவை. பிலாக்ஸி மிசிசிப்பியில் அமெரிக்க வேளாண் துறை உருவாக்கியது. பெரு நாடு ப்ளூபெர்ரி ஏற்றுமதியில் எழுந்து நின்றதே பெரும்பாலும் இந்த ரகத்தின் தோளில்தான். இந்தக் குடும்பத்துக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. பிலாக்ஸிக்கு 150 மணி நேரமோ அதற்கும் குறைவோ போதும். ஜூவல், எமரால்டுக்கு 200, 250. ஓநீலுக்கு 400-க்கு மேல். அதனால் "தெற்கு ஹைபுஷ்" என்று அட்டையில் பார்த்ததும் வாங்கிவிடக் கூடாது, ரகத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த வடக்கும் தெற்கும் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும். உங்கள் நாட்டுத் திசையோடு சேர்த்துப் படிக்காதீர்கள்.

ராபிட்ஐ மூன்றாவது. பழுப்பதற்கு முன் காய் வெள்ளை முயலின் கண்போல இளஞ்சிவப்பாகும், அதனால் அந்தப் பெயர். ஜார்ஜியா, ஃப்ளோரிடா பக்கத்துச் செடி. வெயிலையும் வறட்சியையும் ஹைபுஷ்ஷைவிட நன்றாகத் தாங்கும், மண்ணிலும் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது, ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். பிரைட்வெல்லுக்கு 350 முதல் 400, கிளைமேக்ஸுக்கு அதைவிடச் சற்று அதிகம், டிஃப்ப்ளூவுக்கு 600-க்கு மேல். டிஃப்ப்ளூ நீலமானதும் பறித்தால் புளிக்கும்; இன்னும் சில நாள் செடியிலேயே விட்டுப் பாருங்கள், வேறு பழம் தின்பது போல இருக்கும். நடுத்தரக் குளிரும் கடும் கோடையும் உள்ள இடத்துக்கு என்னைக் கேட்டால் ராபிட்ஐதான் முதல் தேர்வு. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பழம் சிறிது என்றும் தோல் தடிப்பு என்றும் இதை ஒதுக்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

குளிர் மிக அதிகமான இடங்களுக்கு ஹாஃப்ஹை. தரையோடு கிடக்கும் காட்டு லோபுஷ்ஷையும் ஹைபுஷ்ஷையும் கலந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1983-இல் நார்த்ப்ளூ, நார்த்ஸ்கை இரண்டையும் வெளியிட்டது. நார்த்ஸ்கை முழங்கால் உயரம்கூட வராது. பனி மூடும்போது செடி முழுக்கப் போர்வைக்குள் போய்விடும், மேலே காற்று எவ்வளவு உறைந்தாலும் உள்ளே மொட்டு பத்திரம். குட்டையாக இருப்பதுதான் அதன் பலம்.

சரி, உங்கள் இடத்துக் கணக்கைப் போடுவோம். வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றைச் செடி உயரத்தில், நேர் வெயில் படாமல் கட்டி வைத்தால் ஒரு குளிர்காலத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அது இல்லாவிட்டாலும் நீங்கள் கொடுத்த எண்ணை வைத்தே தோராயமாகப் பார்க்கலாம். இரவு 5, 6 வரை இறங்குகிறது என்றால் 7 டிகிரிக்குக் கீழே இருப்பது விடியலுக்கு முந்தைய நான்கு மணி நேரம் இருக்கலாம். அப்படி 70 இரவு என்று வைத்தால் 280 மணி நேரம். ஆனால் பகல் 18, 20 வரை ஏறுகிறது. 16 டிகிரிக்கு மேல் போகும் பகல், இரவில் சேர்த்த குளிரில் ஒரு பங்கை அழித்துவிடும். அதனால் உங்களிடம் கையில் நிற்பது 200 என்று கொள்ளுங்கள். ப்ளூகிராப் கேட்பது 800. நான்கு வருடமாக அந்தச் செடி கால்வாசித் தூக்கத்தில் எழுந்து வேலை பார்த்திருக்கிறது.

இந்தக் கணக்கில் சராசரியை நம்பாதீர்கள். குளிர்நேரத்துக்கு, கடந்த சில வருடங்களில் மிகவும் லேசாக இருந்த குளிர்காலத்தைப் பாருங்கள். ரகம் அந்த வருடத்திலும் நிறைந்தாக வேண்டும். தாங்கும் சக்திக்கு, மிகவும் கொடுமையாக இருந்த குளிர்காலத்தைப் பாருங்கள். செடி அந்த இரவிலும் பிழைத்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழும் ரகம்தான் உங்கள் ரகம்.

அடுத்தது பூக்கும் காலம். உறங்கும் மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். வீங்க வீங்க அந்தச் சக்தி குறைந்துகொண்டே வரும், விரிந்த பூ பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரியிலேயே கருகிவிடும். அதனால் உங்கள் இடத்தில் கடைசி உறைபனி எப்போது விழுகிறது என்று குறித்து வையுங்கள், ரகம் எப்போது பூக்கும் என்று கேளுங்கள். சீக்கிரம் பழம் தரும் ரகம் சீக்கிரம் பூக்கும் என்று கட்டாயமில்லை. டியூக்கை நான் மெச்சுவது இதற்காகத்தான்: தாமதமாகப் பூத்து, பழத்தில் முந்திக்கொள்ளும். குளிர்நாட்டில் கடைசி உறைபனியிலிருந்து தப்பிவிடும். பேட்ரியட் என்ற ரகம் கடுங்குளிரைத் தாங்கினாலும் சீக்கிரம் பூத்துவிடுவதால் பின்பனி விழும் இடத்தில் அடி வாங்கும். ஒரே தோட்டத்திலும் பள்ளமான மூலையில் குளிர்காற்று தேங்கும். மேட்டில் இருப்பது தப்பி, பள்ளத்தில் இருப்பது கருகியதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பழுக்கும் பருவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பழுக்கும்போது மழை அடித்தால் பழம் வெடிக்கும், அதனால் மழைக்கு முன் முடிகிற ரகமாக இருக்க வேண்டும். கோடை குறுகிய இடத்தில் எலியட் போன்ற மிகப் பிந்திய ரகம் பாதிப் பழத்தோடு முதல் பனியில் மாட்டிக்கொள்ளும். வடக்கு ஹைபுஷ்ஷுக்கு உறைபனி இல்லாத நாட்கள் 160 ஆவது வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்றும் பொருந்துகிறது.

ஒரு ரகத்தோடு நிறுத்தாமல் ஒரே நேரத்தில் பூக்கும் இரண்டு ரகமாக வையுங்கள். ஹைபுஷ் தனியாகவும் காய்க்கும், ஆனால் துணை இருந்தால் பழம் பெரிதாகும், சீக்கிரம் பழுக்கும். ராபிட்ஐக்குத் துணை இல்லாவிட்டால் காய்ப்பே பேருக்குத்தான். அந்தத் துணையும் ராபிட்ஐயாகவே இருக்க வேண்டும். ஹைபுஷ்ஷின் அணுக்களில் நான்கு தொகுதி குரோமோசோம், ராபிட்ஐயில் ஆறு. ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஏன் காய்க்கவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெயர் எழுதாமல் வெறுமனே "ப்ளூபெர்ரி" என்று விற்கும் செடியை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பதும் இதனால்தான். பெயர் தெரியாவிட்டால் குளிர்க்கணக்கும் தெரியாது, துணையும் தெரியாது.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஏனென்றால் அதை நீங்கள் சரியாகவே வைத்திருக்கிறீர்கள். பிஎச் 4.5 முதல் 5.5 வரை, நீர் தேங்காமல், மேலே மரத்தூளோ பைன் இலையோ மூடாக்கு. எந்த ரகமானாலும் இது மாறாது.

இனி உங்கள் விடை. டியூக் வேண்டாம், அது ப்ளூகிராப் படும் பாட்டையே படும். பிலாக்ஸி சொன்ன நண்பர் சொன்னது சரி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு பிலாக்ஸி, ஒரு ஜூவல் வைப்பேன். பிலாக்ஸி நிமிர்ந்து வளரும், பழம் நடுத்தரம், சுவை நன்று. ஜூவல் பழம் பெரியது, கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருக்கும். புளிப்பு பிடிக்காவிட்டால் அதன் இடத்தில் எமரால்டு. இரண்டும் சீக்கிரம் பூப்பவை, அதனால் உங்கள் ஓரிரு உறைபனி இரவு பூக்காலத்தில் வந்தால் மாலையிலேயே துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். மிஸ்டியும் உங்கள் குளிருக்குப் பொருந்தும்தான். ஆனால் இலை வருமுன் அளவுக்கு மீறிப் பூத்துச் செடி களைத்துப்போகும். குளிர்காலக் கவாத்தில் மொட்டில் பாதியை வெட்டிவிடும் மனது இருந்தால் மட்டும் வையுங்கள். தொட்டியில் வளர்க்க எண்ணமிருந்தால் சன்ஷைன் ப்ளூ, குட்டையாக அடர்ந்து நிற்கும்.

உங்கள் குளிர்காலம் லேசு என்பதால் இந்த ரகங்கள் சில வருடம் இலையை முழுக்க உதிர்க்காமலே நிற்கும். பயப்பட வேண்டாம், இலையைக் கையால் உருவவும் வேண்டாம். பழைய இலைதான் சீக்கிரம் வரும் காய்களுக்குச் சோறு போடும். அந்த மாதங்களிலும் தண்ணீரையும் கொஞ்சம் தழைச்சத்தையும் நிறுத்தாதீர்கள்.

அந்த இரண்டு ப்ளூகிராப்பையும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். ப்ளூபெர்ரிக்கு வேர் மேலாகவே படரும், ஆழம் போகாது. அதனால் செடி ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் தண்டைச் சுற்றி அகலமாக வெட்டி, மண்கட்டி உடையாமல் சாக்கில் கட்டி எடுத்தால் நான்கு வருடச் செடியும் இடம் மாறிப் பிழைக்கும். நல்ல குளிர் உள்ள இடத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். கிளையைப் பாதியாகக் குறைத்து நடச் சொல்லுங்கள், இரண்டாம் வருடத்திலேயே அவருக்குக் காய்க்கும். நீங்கள் பக்குவப்படுத்திய அந்தக் குழி மண்ணிலேயே பிலாக்ஸியையும் ஜூவலையும் வைத்துவிடலாம். வைத்த முதல் வருடம் வரும் பூவை எல்லாம் கிள்ளிவிடுங்கள், கொத்துக்கொத்தாக வந்தாலும்.